தலைக்கட்டு வரி இருந்த கம்ப்யூட்டர்

(குடும்பக் குழு அரட்டை)

பெரியப்பா: நேற்று ராத்திரி கரண்ட் போய்ப் போய் வந்தது. கம்ப்யூட்டரில் கருகல் வாடை. காலையில் உயிரே இல்லை. கோயில் கொடைத் திருவிழாவுக்கு 19 நாள்தான். குடும்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கும் தலைக்கட்டு வரிக் கணக்கு முழுக்க அதில்தான் இருக்கிறது.

செல்வி அத்தை: ஐயோ முருகா

சங்கர் சித்தப்பா: கணக்கு போய்விட்டதா? சரி விடுங்கள் அண்ணே, மனசைப் போட்டு வருத்தாதீர்கள்.

ஆனந்தி: சித்தப்பாவுக்கு ஒரே நிம்மதி

சங்கர் சித்தப்பா: நான் போன வருஷமே கட்டியாயிற்று.

பெரியப்பா: அது அதற்கு முந்தின வருஷம்.

முத்து அத்தான்: மாமா, பயப்படாதீர்கள். கருகியது உள்ளே கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியாகத்தான் இருக்கும். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பத்திரமாக வையுங்கள். வேறு கம்ப்யூட்டரோடு இணைக்கும் யூஎஸ்பி டாக்கில் மாட்டினால் பெரும்பாலும் கணக்கு வந்துவிடும்.

கணேசன்: அப்போ எஸ்எம்பிஎஸ் மட்டும் மாற்றினால் போதுமே

முத்து அத்தான்: அது 2012 மெஷின். விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது, இன்டெல் சிப் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும்.

செல்வி அத்தை: அது முத்து மாப்பிள்ளை தேர்ந்தெடுத்ததுதானே?

கணேசன்: அன்றைக்கே லேப்டாப் என்றேன். யார் கேட்டார்கள்

ஆனந்தி: கணக்கு எழுத ராஸ்பெர்ரி பை போதும் பெரியப்பா

செல்வி அத்தை: எந்தப் பை? கல்யாணத்தில் கொடுத்த மஞ்சள் பை என்னிடம் நிறையக் கிடக்கிறது.

முத்து அத்தான்: அத்தை, அது கையளவு கம்ப்யூட்டர். நல்லதுதான், ஆனால் மாமாவுக்கு வேண்டாம். பழைய லேசர் பிரிண்டருக்கு அதில் டிரைவர் கிடைப்பது கஷ்டம். மெமரி கார்டில் ஓடுகிறபோது திடீரென்று கரண்ட் போனால் கார்டே கெட்டுப்போகலாம். பெட்டி, அடாப்டர், கார்டு என்று சேர்த்தால் அப்படியொன்றும் மலிவும் இல்லை. இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி பாருங்கள். டிபன் பாக்ஸ் அளவு, மானிட்டருக்குப் பின்னால் மாட்டிவிடலாம். சிப் 6 வாட்தான், எழுத்து வேலைக்கு மொத்தமாக 10 வாட் என்று வையுங்கள். பழையது 80 வாட். தினம் 5 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்குப் பழையது 24 யூனிட், இது 3 யூனிட். இன்வெர்ட்டரிலும் நிம்மதியாக ஓடும்.

ஆனந்தி: அத்தான் கிளாஸ் எடுக்கிறார்

பெரியப்பா: 21 யூனிட் மிச்சமா? போன தடவை பில் 500 யூனிட்டைத் தாண்டி, யூனிட் விலையும் ஏறிவிட்டது.

செல்வி அத்தை: கணேசன் வந்தபோது விடிய விடிய ஏசி போட்டான். அதையும் கணக்கில் சேருங்கள்.

கணேசன்: அத்தை, குழந்தைக்குக் காய்ச்சல்

செல்வி அத்தை: காய்ச்சலுக்கு யாராவது ஏசி போடுவார்களா?

கணேசன்: சென்னை ரிச்சி தெருவில் ஆபீஸ் கழித்த குட்டி டெஸ்க்டாப் கிடைக்கும். 8-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி. சனிக்கிழமை பார்க்கவா?

முத்து அத்தான்: பழையதுக்கு வாரண்டி யார் தருவார்? பவர் அடாப்டர் ஒரிஜினலா என்று பார்த்து வாங்கு. மாமா, உங்கள் மானிட்டரில் நீலக் கலர் விஜிஏ கேபிள் மாட்டும் இடம் மட்டும்தானே?

பெரியப்பா: நீலம்தான். மானிட்டரை மாற்ற மாட்டேன்.

முத்து அத்தான்: அப்போ விஜிஏவுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் ஒன்று சேர்த்து வாங்கு கணேசா. டிஸ்க்கிலிருந்து, கணக்கு அடித்த வானவில் எழுத்துருவையும் மறக்காமல் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பெயரெல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும்.

சங்கர் சித்தப்பா: தெரியட்டுமே

பெரியப்பா: எனக்கு டைப்ரைட்டர் முறையில்தான் அடிக்க வரும். தமிழ்99 விசைப்பலகை முறை வேண்டாம்.

ஆனந்தி: அதெல்லாம் செட்டிங்கில் மாற்றிக்கொள்ளலாம் பெரியப்பா. பணம் யார் போடுவது?

(ஒரு மணி நேரம் கழித்து)

செல்வி அத்தை: கொடைக்குப் பொங்கல் அரிசி யார் வாங்குகிறீர்கள்?

கணேசன்: அப்பா, புதுசா பழசா என்று சொல்லவில்லையே

பெரியப்பா: நீ விலையைக் கேட்டு வா. அதுவரை நோட்டில் எழுதுகிறேன். முதல் பெயர் சங்கர், 2 வருஷப் பாக்கி.

சங்கர் சித்தப்பா: அரிசி நான் வாங்குகிறேன் அக்கா