மறு: கரிகாலன் பெயர் விளக்கம் - கலைச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சோழ மன்னன் கரிகாலனின் பெயர் விளக்கம் வரும் நம் பாடம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘ஒரு பெயருக்கு மக்கள் தாங்களாகப் பின்னால் ஏற்றிச் சொல்லும் சொற்பிறப்பு’ என்று வரிக்கு வரி எழுத முடியாது. ஒரே சொல் வேண்டும். ‘கதைவேர்’ என்ற சொல் முன்வைக்கப்பட்டது, அதற்கு வந்த மறுமொழிகளுக்கு என் பதில் இதோ.

> வேர்ப்போலி போதுமே. முதற்போலி, கடைப்போலி எல்லாம் மாணவர்களுக்குத் தெரிந்ததுதானே.

ஐயா, நிலம் - நிலன் போல எழுத்து மாறியும் பொருள் மாறாமல் நிற்பதுதான் போலி. இங்கே பொருளே மாறுகிறது. கருகிய காலை உடையவன் என்பது ஒன்று, யானைகளுக்கு எமன் (கரி + காலன்) என்பது வேறொன்று. அப்புறம், போலிச் சான்றிதழ் என்று செய்தித்தாளில் படிக்கும் பிள்ளைக்கு வேர்ப்போலி என்றால் மோசடி என்றுதான் படும்.

யானை விளக்கம் மோசடி இல்லை. அதற்காக அதுவே சரி என்றும் சொல்லவில்லை. சங்க நூலான பொருநராற்றுப்படையில் ‘கரிகால் வளவன்’ என்றுதான் வருகிறது. காலன் இல்லை, கால்தான். பழமொழி நானூறும் சுடப்பட்டு உயிர் பிழைத்த சோழன் மகனைப் பேசுகிறது. ஆகவே நான் கால் பக்கம்தான். ஆனால் நம் நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோவில்வெண்ணியை நினையுங்கள். கரிகாலன் அங்கே வென்ற வெண்ணிப் போரைப் பாடிய வெண்ணிக் குயத்தியார் புறநானூறு 66இல் ‘களிஇயல் யானைக் கரிகால் வளவ’ என்று விளிக்கிறார். பெயரை ஒட்டியே யானை நிற்கிறது! கரி என்றால் யானை என்று பழகிப்போன பிற்காலக் காது வேறெப்படிக் கேட்கும்?

> கதைவேர் வேண்டாம், கதை வடசொல். புனைவேர் என்போம்.

அம்மா, யானையைக் குறிக்கும் கரியும் வடசொல் வழி வந்ததுதான், எமனைக் குறிக்கும் காலனும் அப்படியே. நாம் பெயர் தேடும் விளக்கமே அந்த இரண்டின் மேல்தான் நிற்கிறது. ‘புனை’ என்றால் வேண்டுமென்றே கட்டியதாகிவிடும். இதை யாரும் உட்கார்ந்து கட்டவில்லை. கதைவேர் என்றால் திருவையாற்றுத் திண்ணையில் இருப்பவருக்கும் புரியும்.

காவிரி பற்றிய மடல்களைத் தனி இழையாக்கலாமா? சோலைகளை விரித்துப் போவதால் கா விரி என்பதும், அகத்தியர் கமண்டலத்தைக் காகம் கவிழ்த்து நீர் விரிந்தது என்பதும் பாடத்துக்கு நல்ல எடுத்துக்காட்டுகள். எழுதுங்கள், ஆனால் வெள்ளிக்குப் பிறகு.

சரி, பலரும் அரைமனதாகக் கதைவேருக்குத் தலையாட்டிவிட்டார்கள். அதையே போடுகிறேன், அடைப்புக்குள் புனைவேரும் இருக்கும். தஞ்சாவூர் நண்பர் மட்டும் இறங்கி வரவில்லை. கால் கருகிய கதையே பெயரிலிருந்து பிறந்திருக்கலாம், அப்படியானால் எது வேர், எது கதைவேர் என்கிறார். நியாயமான கேள்வி. பயிற்சி வினாவாக அதைச் சேர்த்துவிட்டேன், விடைக்குறிப்பு இல்லாமல்.