கும்பகோணம் வீட்டு அட்வான்ஸ்: பணம் வந்துவிட்டது

வீட்டைக் காலி செய்து ஐந்து வாரமாகியும் 50,000 ரூபாய் அட்வான்ஸ் வரவில்லை, பெயிண்டுக்கும் பாத்ரூம் சுவருக்கும் 22,000 பிடிப்பேன் என்கிறார் வீட்டுக்காரர் என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் நேரில் போய்ப் பேசினேன், பலனில்லை. அப்புறம் ஒரு அண்ணன் சொன்னபடி ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்பினேன். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், பிரிவு 11: காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான பிடித்தம் போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். இந்த ஒரு வரியோடு, குடி வந்த அன்று எடுத்த போட்டோவையும் வைத்தேன். வாளிக்குப் பின்னால் சுவர் காரை அன்றே உப்பிப் பொரிந்திருந்தது அதில் தெளிவாகத் தெரியும். நான்காம் நாள் அவரே போன் செய்தார். "சரிப்பா, சுவர் கணக்கை விட்டுடலாம்" என்றார்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. காலி செய்யும்போது பெயிண்டுக்கு ஒரு மாத வாடகை என்று அக்ரிமெண்டின் கடைசிப் பக்கத்தில் இருந்தது. நான் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதற்கு 8,000, கடைசி கரண்ட் பில் 640 போக, 41,360 ரூபாய் நேற்று அக்கவுண்டில் ஏறியது. சாவி வாங்கும் அன்றே போட்டோ எடுங்கள், மீட்டர் ரீடிங்கையும் சேர்த்து.