புதுப்பிப்பு: நாறிப்போன புண்ணாக்குத் தட்டு

போன மாதம் இங்கே புலம்பியிருந்தேன்: ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே பூஞ்சையைக் கடலைப் புண்ணாக்கில் வளர்த்து, புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ் நொதி எடுக்கப் பார்க்கிறேன், மூன்றாம் நாளே தட்டு கொழகொழத்து நாறுகிறது என்று. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் ஆலைகளில் முடி நீக்கப் போடும் சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் நொதியால் குறைக்க முடியுமா என்பதுதான் என் ப்ராஜெக்ட்.

"தண்ணியைக் குறை தம்பி" என்று ஒரு அண்ணன் சொன்னது சரிதான். ஈரம் மிஞ்சினால் துகள்களுக்கிடையே காற்று போகாது. பூஞ்சை திணறும், பாக்டீரியா புகுந்துவிடும். இப்போது பாதிக்குப் பாதி கோதுமைத் தவிடு. கையில் பிடித்தால் உருண்டை நிற்கும், நீர் சொட்டாது. (தவிட்டில் பூஞ்சை வளர்த்து நொதி எடுக்க ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே 1894-லேயே அமெரிக்காவில் காப்புரிமை வாங்கிவிட்டார். நான் இப்போதுதான் தட்டைக் கழுவுகிறேன்.)

இன்னொரு தப்பு, யாருக்கும் தோன்றாதது: கனம். ஐந்து சென்டிமீட்டர் அடைத்திருந்தேன். பூஞ்சை வளரும்போது தானே சூடு விடும், தவிடு அதை வெளியே விடாது. வேலூர் வெயில் வேறு! தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 43 டிகிரி. பூஞ்சைக்குப் பிடித்தது 30. இரண்டு சென்டிமீட்டராகப் பரப்பியதும் நாற்றம் போயே போச்சு.

வடிகட்டிய சாறு, பால் கலந்த அகார் ஜெல்லில் நல்ல தெளிவான வளையம் காட்டியது, அதாவது நொதி பால் புரதத்தை உடைக்கிறது. ஆட்டுத்தோல் துண்டில்தான் முடி பாதி வந்தது, பாதி வரவில்லை. அடுத்து சாற்றின் அளவைக் கூட்டிப் பார்க்கிறேன்.