‘இயல்பைவிட அதிகம்’னா உங்க ஊர்ல எப்படி இருக்கும்? கோடை அனுபவங்கள்

திருவான்மியூர்:
மார்ச் பிறக்கும்போது இந்திய வானிலை ஆய்வுத் துறை கோடைக்கான கணிப்பை வெளியிடும். மார்ச் முதல் மே வரைக்கும் ஒண்ணு, ஏப்ரல் பிறக்கும்போது ஜூன் வரைக்கும் இன்னொண்ணு. ‘பெரும்பாலான பகுதிகளில் வெப்பநிலை இயல்பைவிட அதிகமாக இருக்க வாய்ப்பு’ என்ற வரி இப்போ பழகிப்போச்சு. அந்த வரி எந்த ஊருக்கு என்ன செய்யுதுன்னு அந்தந்த ஊர்க்காரங்கதான் சொல்லணும். நான் ஆரம்பிக்கிறேன்.

வீடு கடற்கரையோரம், வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். மே மாசம் மதிய ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல வரும்போது பூந்தமல்லி வரைக்கும் ஜன்னல் வழியா அனல்தான் அடிக்கும். போரூர் தாண்டினதும் காத்து மாறும். கிண்டி வர்றதுக்குள்ள சட்டை நனைஞ்சிருக்கும். அனல் போய் புழுக்கம் வந்துடுச்சுன்னு அர்த்தம், அதாவது கடல்காத்து உள்ளே வந்தாச்சு.

சென்னை வெயிலோட கதையே இந்தக் காத்து எத்தனை மணிக்கு வருதுங்கறதுதான். தரை சீக்கிரம் சூடேறும், கடல் அவ்வளவு வேகமா சூடாகாது. தரைமேல இருக்கற காத்து மேலே கிளம்ப, கடல்பக்கத்துக் காத்து அந்த இடத்துக்கு வரும். பதினொண்ணு, பன்னிரண்டு மணிக்குள்ள வந்துட்டா வெப்பம் 36, 37ல நின்னுடும். மே கடைசியில மேற்குக் காத்து பலமாகும்போது கடல்காத்தால உள்ளே நுழைய முடியாது. ரெண்டு மணி, மூணு மணின்னு தள்ளிப்போனா 40, 41 சர்வசாதாரணம். நுங்கம்பாக்கத்துல 2003 மே 31 அன்னிக்கு 45 டிகிரி பதிவாச்சே, அந்த ஊர்ச் சாதனையே அதுதான். அன்னிக்கு பஸ் கம்பியைக் கைக்குட்டை சுத்திதான் பிடிச்சேன். அதனால சென்னைக்காரங்க டிவியில வர்ற அதிகபட்ச எண்ணைப் பார்க்கறதைவிட, மதியம் மரத்துல இலை எந்தப் பக்கம் சாயுதுன்னு பார்க்கறது மேல்.

சத்துவாச்சாரி, வேலூர்:
கடல்காத்துன்னு ஒண்ணு இருக்கறதே உங்க பதிவைப் படிச்சப்புறம்தான் ஞாபகம் வருது சார். எங்களுக்கு அது வந்தாலும் ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வரும், அதுவும் எல்லா நாளும் இல்ல.

சுத்தி மலை, எல்லாம் மொட்டைப் பாறை. பகல் முழுக்கச் சூட்டை வாங்கி வச்சுக்கிட்டு ராத்திரி நம்மமேல விடும். ஒன்பது மணிக்கு மாடித் தொட்டித் தண்ணியைத் திறந்தா குளிக்க முடியாது. எங்க அம்மா சாயந்திரமே பக்கெட்ல பிடிச்சு நிழல்ல வச்சுடுவாங்க. டிவியில ‘வேலூர் 42’ன்னு போடறாங்க, சரி. காலையில நாலு மணிக்கும் 29 இருக்குன்னு யாரும் போடறதில்ல. என்னைக் கேட்டா எங்க ஊருக்கு அந்தக் குறைந்தபட்ச எண்தான் முக்கியம். தூக்கம் போறது அதனாலதான்.

ஒரே ஆறுதல் சாயந்திர இடி. மத்தியானம் வரைக்கும் கொளுத்தும், நாலு மணிக்கு மேகம் திரளும், முதல்ல புழுதி, அப்புறம் பெரிய பெரிய துளியா மழை, கூடவே கரண்ட் போயிடும். அரை மணி நேரத்துல பத்து டிகிரி இறங்கினதை எல்லாம் பார்த்திருக்கேன். மறுநாள் பழையபடி வெயில், ஈரத்தோட சேர்த்து.

க.பரமத்தி, கரூர்:
எங்கூரு பேரு டிவியில வர்றதே ஏப்ரல், மே ரெண்டு மாசந்தானுங்க. ‘கரூர் பரமத்தி’ன்னு தினமும் பட்டியல்ல மேலதான் இருக்கும். 2024 ஏப்ரல் கடைசியில நாங்களும் ஈரோடும் 42ஐத் தாண்டி எங்கியோ போயிட்டமுங்க.

ஆனா ஒண்ணுங்க, எங்குளுது வறண்ட வெயில். துவைச்ச துணி அரை மணி நேரத்துல மொடமொடன்னு காய்ஞ்சிரும். வேர்த்தாலும் தெரியாது, அதுதான் ஆபத்து. ஆடு மேய்க்கறவங்க, கல்குவாரியில வேலை செய்யறவங்க தாகமே தெரியலைன்னு தண்ணி குடிக்காம இருந்து மயங்கி விழுகறாங்க. சென்னையில வேர்வை வழிஞ்சு சொல்லிக் குடுத்துரும், இங்க சொல்லாது. எங்கப்பாரு பதினொண்ணு மணிக்கு மேல பட்டியை விட்டு ஆட்டைத் திறக்கவே மாட்டாருங்க.

நாகப்பட்டினம்:
தம்பி, எங்களையும் கொஞ்சம் பாருங்க. ஏப்ரல் 15லேருந்து ஜூன் 14 வரைக்கும் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு எல்லாம் கரையில. கடலுக்குப் போனா காத்துலயாவது இருப்போம், கரையில உட்கார்ந்து படகுக்கு மராமத்து, பெயிண்ட், வலை பின்றதுன்னு நாள் முழுக்க வெயில்ல கெடக்கணும். கோடையிலேயே மோசமான ரெண்டு மாசம் பார்த்து கரையில நிக்கறது நாங்கதான்.

இன்னொரு வயித்தெரிச்சல். ‘வெப்ப அலை’ன்னு அறிவிக்கச் சமவெளியில 40 இருக்கணும், கடலோரத்துல 37, மலையில 30. அதோட இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாவும் இருக்கணுமாம். எங்க ஊர் வெயில் பல நாள் 36லயே நிக்கும், கணக்குல வராது. ஆனா ஈரப்பதத்துல வேர்வை காயாது. வேர்வை காய்ஞ்சாத்தானே உடம்பு குளிரும்? நிழல்ல படுத்திருந்தாலும் மூச்சு வாங்குது. மேற்கேருந்து அடிக்கிற கச்சான் காத்து எடுத்தா மட்டும் ஈரம் குறையும், ஆனா அது கொண்டாறது நெருப்பு. ரெண்டுல எது தேவலைன்னு கேட்டா எங்க பெருசுங்களே தெருவுக்கொரு பதில் சொல்வாங்க.

குன்னூர்:
மலைக்கு 30ன்னு அண்ணன் சொன்னது சரி. 2024 ஏப்ரல்ல ஊட்டியே 29ஐத் தொட்டுச்சு. இங்க பல வீட்டுல உத்தரத்துல ஃபேன் மாட்ட கொக்கியே கிடையாது. அந்த வாரம் கடையில டேபிள் ஃபேன் தீர்ந்துபோச்சு.

சிங்காநல்லூர், கோவை:
எங்களுக்கு மார்ச், ஏப்ரல்தான் உச்சம். மே பாதியில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து வர ஆரம்பிச்சா போதுங்க, மத்தவங்க அக்னி நட்சத்திரம்னு புலம்பும்போது நாங்க சாயந்திரம் வாக்கிங் போவோம். (திட்டாதீங்க.)

தூத்துக்குடி:
கோவை அண்ணாச்சி, உங்களுக்குக் குளிரா வர்ற அதே தென்மேற்குக் காத்துதான் எங்களை வாட்டுது. மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிட்டு, இறங்கும்போது சூடாகி வெறுங்கையோட வரும். தென்காசியில கணவாய் இருக்கறதால ஜூன்ல சாரல், குத்தாலத்துல தண்ணி. அங்கேருந்து கிழக்க வர வர ஈரம் இல்லாமப் போய், எங்ககிட்ட வரும்போது மண்ணை வாரித் தூத்துற காத்து மட்டும்தான் மிச்சம். மே 28ல அக்னி நட்சத்திரம் முடிஞ்சதுன்னு பேப்பர்ல போடுவாங்க. எங்களுக்கும் மதுரைக்கும் ஜூன், ஜூலை வரைக்கும் வெயில் இருக்கு.

இதுல உப்பளத்துக்காரங்க நிலைமை தனி. அந்த வறண்ட காத்து அடிச்சாத்தான் பாத்தியில உப்பு நல்லா விளையும். கோடை மழை பெய்ஞ்சா ஊரே சந்தோஷப்படும், அவங்களுக்கு வாரவேண்டிய உப்பு கரைஞ்சு போகும். எங்க சித்தி உப்பு வாரப் போறவங்க. விடியறதுக்கு முன்னாலேயே போய், வெயில் ஏறி வெள்ளை கண்ணைக் குத்தறதுக்குள்ள திரும்பிடுவாங்க. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபர்ல வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சிருக்கு. வெயில்ல இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம். நல்ல விஷயம்தான், ஆனா சித்தி கேக்கறது பாத்தி ஓரத்துல ஒரு கொட்டகையும் ஒரு குடம் தண்ணியும்.

திருவான்மியூர்:
தூத்துக்குடி சொன்னது சென்னைக்கு அப்படியே தலைகீழ். ஜூன்ல இதே மேற்குக் காத்தும் கடல்காத்தும் இங்க மோதிக்கிட்டா சாயந்திரம் இடிமழை. புயலையும் நம்ப முடியறதில்ல. 2019ல ஃபானி வருது, மழை கொட்டும்னு காத்திருந்தோம். அது ஒடிசாவுக்குத் திரும்பி மே 3ல புரி பக்கம் கரையேறிச்சு. எங்களுக்கு ஈரத்தை இழுத்துக்கிட்டுப் போய் மேற்குக் காத்தை விட்டுட்டுப் போச்சு.

திருவள்ளூர்:
படிச்சவங்க எல்லாருக்கும் ஒரு கேள்வி. மே கடைசி வாரம் தங்கச்சி கல்யாணம். மாப்பிள்ளை வீடு வேலூர், நாங்க இந்தப் பக்கம். மண்டபம் எங்க பார்க்கலாம்?

சத்துவாச்சாரி, வேலூர்:
எங்க பார்த்தாலும் முகூர்த்தம் ஆறு மணிக்குள்ள இருக்கட்டும், ஜெனரேட்டர் டீசலோட இருக்கான்னு பாருங்க. வரவேற்பை மட்டும் மொட்டை மாடிப் பந்தல்ல வைக்காதீங்க. அந்த நேரத்துலதான் எங்க ஊர் இடி வரும்.