ஏஜென்ட்டுக்கு நாணயமாற்றுக் கருவி: காசு கொடுத்து வாங்கத்தான் வேண்டுமா?

பின்னல்நகர்: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி அலுவலகத்துக்கு ஏஐ ஏஜென்ட் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பையர் மெயிலைப் படித்து, நூல், நிட்டிங், டையிங், தையல் கூலி எல்லாம் சேர்த்து ரூபாயில் அடக்கம் போட்டு, யூரோவிலோ டாலரிலோ கொட்டேஷன் தயாரிக்கும். நாணயமாற்றுக்கு ஒரு கட்டணக் கருவி பார்த்து வைத்திருக்கிறேன். ஒரு தடவை கேட்டால் அரை சென்ட். சந்தா கிடையாது. கிரிப்டோ நிறுவனமான காயின்பேஸ் 2025-இல் கொண்டுவந்த எக்ஸ்402 முறைதான்: சர்வர் 402 என்று பதில் சொல்லி விலையைக் கேட்கும், ஏஜென்ட்டே ஸ்டேபிள்காயினில் (டாலர் போன்ற நாணயத்தின் மதிப்போடு கட்டிய டிஜிட்டல் காசு) கட்டிவிட்டு விடையை வாங்கிக்கொள்ளும். முதலாளி, சும்மா கிடைப்பதற்கு எதற்குக் காசு என்கிறார். இணைக்கலாமா?

வெட்டவெளி: முதலாளி சொல்வதுதான் சரி. ஐரோப்பிய மத்திய வங்கி வேலைநாள்தோறும் சுமார் 30 நாணயங்களின் விலையை இலவசமாகப் போடுகிறது. நம் நேரத்துக்குக் குளிர்காலத்தில் இரவு எட்டரை, கோடையில் ஏழரை வாக்கில் வந்துவிடும். சின்ன எக்ஸ்எம்எல் கோப்பு. தினம் ஒரு முறை இறக்கி வைத்தால் மறுநாள் முழுக்க ஏஜென்ட் அதையே படிக்கலாம். பொதுச் சொத்தாகக் கிடைக்கும் எண்ணை எடுத்துப் பெருக்கித் தருவதற்குக் கட்டணம் என்பதை என்னால் ஏற்கவே முடியாது.

நள்ளிரவுலாக்: நானும் இப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை நாங்கள் வைத்திருந்த இலவச ஏபிஐ (ஏஜென்ட் விலை கேட்கும் இணையச் சேவை) படுத்துவிட்டது. ஏஜென்ட் நிற்கவில்லை. டாலர் 83 ரூபாய் என்று தானாகவே எழுதிக்கொண்டது. பயிற்சியில் படித்த பழைய விலை! அன்றைக்கு நிஜ விலை 88. ரூ. 8.8 லட்சம் அடக்கத்துக்கு 10,000 டாலர் என்று போக வேண்டிய கொட்டேஷன் 10,602 என்று போனது. பையர் பதிலே போடவில்லை. திங்கட்கிழமை லாக்கை, அதாவது ஏஜென்ட் செய்ததெல்லாம் பதிவாகும் கோப்பைத் திறந்து அந்த 83-ஐப் பார்த்தபோது வயிறு எரிந்தது. இப்போது கட்டணக் கருவிக்கு மாறிவிட்டோம். ஒவ்வொரு விடையோடும் எந்த மூலம், எந்த நேரத்து விலை என்று சேர்ந்து வருகிறது.

வெட்டவெளி: உங்களுக்கு நேர்ந்தது வருத்தம்தான். ஆனால் அது விலைக் கருவியின் குற்றம் இல்லையே. கருவி பதில் தராவிட்டால் நிறுத்து என்று ஏஜென்ட்டுக்குக் கட்டளை போடாதது குற்றம். காசு கொடுத்தால் மட்டும் சர்வர் விழாதா? அது விழுந்தாலும் உங்கள் ஏஜென்ட் அதே 83-ஐத்தான் எழுதும்.

நள்ளிரவுலாக்: கட்டளை போடாதது தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொல்லும் பட்டியலில் சனி, ஞாயிறு கிடையாது. துபாய் திர்ஹாம் கிடையாது, இலங்கை ரூபாயும் கிடையாது. விலை தகவலுக்கு மட்டும், இதை வைத்துப் பரிவர்த்தனை செய்யாதீர்கள் என்று அந்த வங்கியே எச்சரிக்கிறது.

வெட்டவெளி: திர்ஹாம் 1997-இலிருந்து ஒரு டாலருக்கு 3.6725 என்று கட்டி வைக்கப்பட்டது. அதற்குக் கருவியே வேண்டாம்.

வன்னிக்காற்று: திர்ஹாமுக்குச் சரி. எங்கட ரூபாய்க்கு அந்தக் கணக்கு ஓடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் டாலர் 200 சொச்சம். மே மாதம் 360. நான் அப்போது கொழும்பில் இறக்குமதிக் கணக்குப் பார்த்தேன். காலையில் அடித்த விலைப்பட்டியலை மத்தியானம் கிழித்துப் போட்டிருக்கிறோம். அப்படியான நாளில் நேற்றைய விலையை இலவசமாகத் தந்தாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கணக்குப்பிள்ளை: தம்பிகளா, ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து ஒரு வார்த்தை. இரண்டு பேரும் ஏதோ ஒரே ஒரு விலைதான் இருப்பது போலப் பேசுகிறீர்கள். இலவசமோ கட்டணமோ, இந்தக் கருவிகள் பெரும்பாலும் தருவது நடுவிலை, அதாவது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் இருப்பது. அந்த விலைக்கு எந்த வங்கியும் உங்கள் டாலரை வாங்காது. வங்கி தருவது அதன் டிடி (டெலிகிராஃபிக் டிரான்ஸ்ஃபர்) வாங்கும் விலை, அதாவது வெளிநாட்டிலிருந்து கணக்குக்கு வரும் டாலரை அது வாங்கும் விலை. சரக்கு ஏற்றுமதிக்கு ஜிஎஸ்டி மதிப்புப் போட விதி 34-இன்படி சுங்கத்துக்கு அறிவிக்கப்படும் விலை. வருமான வரிக்கு ஸ்டேட் வங்கியின் டிடி வாங்கும் விலை. ஏஜென்ட் ஒரு எண்ணை வாங்கி மூன்று இடத்திலும் போட்டால் மார்ச் மாதம் நான்தான் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஸ்டேபிள்காயின் இங்கே மெய்நிகர் டிஜிட்டல் சொத்து. செலவு செய்தாலே அது கைமாற்றம். லாபம் வந்தால் 30 சதவீத வரி. அரை சென்ட், அரை சென்ட்டாக ஆயிரம் கைமாற்றத்துக்குக் கணக்கு எழுதப் போவது யார்?

நள்ளிரவுலாக்: நாங்கள் கார்டில் முன்பணம் கட்டுகிறோம் சார், அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மூன்று விலை விஷயம் எங்கள் ஏஜென்ட்டுக்குத் தெரியாது. இன்றைக்கே பார்க்கிறேன்.

பின்னல்நகர்: சோதனை ஓட்டத்தின் லாக்கை இப்போதுதான் எண்ணினேன். ஒரே கொட்டேஷனுக்கு 61 தடவை யூரோ விலை கேட்டிருக்கிறது. ஒவ்வொரு சைஸுக்கும் ஒவ்வொரு கலருக்கும் தனித்தனியாக! 30 சென்ட்டுக்கு மேல் போயிருக்கிறது. எக்ஸ்402 வேண்டாம் என்று முடிவு. வங்கி காலையில் அனுப்பும் விலைத்தாளை ஏஜென்ட் ஒரு முறை படித்து வைத்துக்கொள்ளட்டும், ஐரோப்பிய வங்கி விலையோடு ஒரு சதவீதத்துக்கு மேல் விலகினால் நின்று என்னைக் கேட்கட்டும். கணக்குப்பிள்ளை சார், சுங்க விலைக்குத் தனிக் கட்டம் போடுகிறேன். இன்வாய்ஸ் தேதியைப் போடவா, ஷிப்பிங் பில் தேதியையா?