ஏழு நாளுக்குக் கணக்குக் கேட்டவருக்கு

பழையடேப்:
பக்கத்து இழையில் நேற்று ஒரு மேதாவி திருவாய் மலர்ந்திருந்தார். 1998இல் வந்த ஜப்பானியப் பேய்ப்படம் ரிங்குவை விட, அதையே 2002இல் மறுபடி எடுத்த அமெரிக்கப் படம் தி ரிங் எவ்வளவோ மேலாம். சாபம் பிடித்த வீடியோ டேப்பைப் பார்த்தவன் ஏன் சரியாக ஏழு நாளில் சாகிறான் என்று ஜப்பான்காரன் சொல்லவே இல்லையாம். அந்த ஓட்டையை அமெரிக்கப் பட இயக்குநர் கோர் வெர்பின்ஸ்கி வந்துதான் அடைத்தாராம். பதில் போடலாமென்று போனால் இழையைப் பூட்டிவிட்டார்கள். ராத்திரி தூக்கமும் வரவில்லை. அதனால் இங்கே.

எப்படி அடைத்தார் தெரியுமா? கிணற்றில் தள்ளப்பட்ட சமாரா, அதாவது அமெரிக்கப் படத்தின் பேய், உள்ளே ஏழு நாள் உயிரோடு கிடந்தாள், ஆகவே பார்ப்பவனுக்கும் ஏழு நாள் தவணை. பேய் நடத்துகிற வட்டிக்கடை! ஜப்பானியப் பட இயக்குநர் நகாட்டாவின் பேய் சடாகோ 30 வருடம் கிணற்றுக்குள் உயிரோடு கிடந்தவள். இவர்கள் கணக்குப்படி ஜப்பானில் டேப் பார்த்தவன் 30 வருடம் கழித்துத்தான் சாக வேண்டும். வீட்டுக்கடனைக் கட்டி முடித்து, பேரன் பேத்தி பார்த்துவிட்டு நிம்மதியாகப் போய்ச் சேரலாம்.

செல்லாக்காசு:
அந்த மேதாவி நான்தான் அய்யா. பெயரைச் சொல்லியே திட்டலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஒரே ஒரு கேள்வி. சடாகோ 30 வருடம் உயிரோடு இருந்தாள் என்று ரிங்குவில் எந்தக் காட்சியில் வருகிறது? கிணற்றுச் சுவரில் நகம் சிக்கியிருக்கும், விழுந்தபோது உயிர் இருந்தது, ஏற முயன்றிருக்கிறாள் என்று தெரியும். அவ்வளவுதான். 30 வருடம் என்பது 1999இல் வந்த இரண்டாம் பாகம் ரிங் 2இல் வருவது. ரசம் வேறு, சாம்பார் வேறு.

பழையடேப்:
இரண்டுக்கும் இயக்குநர் ஹிடியோ நகாட்டா. ஒரே ஆள், ஒரே கிணறு, ஒரே சடாகோ. அதே வீட்டு ரசம், அதே வீட்டு சாம்பார்.

அந்த நகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். வசனமே வேண்டாம். மங்கலான வெளிச்சத்தில் ஈரக்கல், அதில் பெயர்ந்து நிற்கும் நகம். பார்க்கும்போது நம் விரல் நுனி கூசும். இதற்குமேல் உங்களுக்கு எத்தனை நாள், எத்தனை மணி நேரம் என்று ரசீது வேண்டுமா?

செல்லாக்காசு:
ரசீது வேண்டாம். காட்சி வேண்டும். எந்தக் காட்சி?

ராத்திரிராணி:
நாளைப் பற்றிய சண்டையை விடுங்கள். முடிவைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. இரண்டிலும் தப்பிக்கும் வழி ஒன்றுதான்: டேப்பைக் காப்பி எடுத்து இன்னொருவருக்குக் காட்ட வேண்டும். அமெரிக்கப் படத்தில் நாயகி ரேச்சல் மகனைக் காப்பி எடுக்க வைக்கிறாள். அதைப் பார்க்கப்போகிறவர்களுக்கு என்ன ஆகும் என்று பையன் கேட்கிறான், பதில் இல்லை. பலி முகம் தெரியாத யாரோ.

ஜப்பானில் நாயகி ரெய்கோ வீடியோ டெக்கைத் தூக்கிக் காரில் வைத்துக்கொண்டு தன் அப்பாவிடம் போகிறாள். பேரனைக் காப்பாற்றத் தாத்தா! வெறிச்சோடிய சாலை, எதிரே இருண்டு வரும் வானம், முகத்தில் அழுகைகூடக் கிடையாது. நான் பார்த்தது பத்தாவது லீவில். அன்று சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. இந்த ஓர் இடத்தில் அமெரிக்கா தோற்றுவிட்டது.

பழையடேப்:
அப்படிச் சொல்லுங்க ராணி.

செல்லாக்காசு:
நல்ல பதிவு ராணி, முடிவில் ஜப்பானுக்கு ஒரு மதிப்பெண் போட்டுவிடலாம். ஆனால் அமெரிக்கப் படத்தில் கப்பலில் மிரண்டு ஓடிக் கடலில் குதிக்கும் குதிரையை யாரும் ஏன் பேசுவதில்லை? அது ரிங்குவில் இல்லவே இல்லை. முழுக்க இவர்கள் சேர்த்தது. பேயைக் காட்டாமலே வயிற்றைப் பிசைய வைத்த காட்சி. உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 25 கோடி டாலர் வசூல். சும்மா வந்துவிடுமா?

அப்புறம் பழையடேப் அய்யா, 30 வருடம்?

பழையடேப்:
வசூலா? வசூல் பேசுகிறவரோடு என்ன பேசுவது. மிளகாய் பஜ்ஜிக்கும்தான் கூட்டம் நிற்கிறது.

சடாகோவாக நடித்தவர் ரியே இனோ. அவரைப் பின்பக்கமாக நடக்கவிட்டுப் படம்பிடித்து, அதைப் பின்னோக்கி ஓட்டினார்கள். அதனால்தான் அந்த நடையில் எந்த எலும்பும் அதனதன் இடத்தில் இல்லாதது மாதிரி இருக்கிறது. செலவு எவ்வளவு ஆகியிருக்கும்? அமெரிக்கச் சமாரா ஆண்டெனா கெட்ட டிவி மாதிரி மினுக்கி மினுக்கி வருகிறாள். எழுந்துபோய் ஆண்டெனாவைத் திருப்பி வைக்கலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது.

தொலைபேசியும் அப்படித்தான். ஜப்பானில் டேப் முடிந்ததும் மணி அடிக்கும், எடுத்தால் டேப்பில் கேட்ட அதே கீச்சொலி. அமெரிக்காவில் ஒரு குழந்தைக் குரல் "ஏழு நாள்" என்கிறது. பல் டாக்டர் வீட்டிலிருந்து அப்பாயின்ட்மென்ட்டை ஞாபகப்படுத்துகிற மாதிரி.

கேசட்கடை:
வணக்கம். 1990களில் ஊரில் கேசட் வாடகைக் கடை வைத்திருந்தவன் என்ற முறையில் ஒன்று. இந்தக் கதை மொத்தமும் காப்பியில் நிற்கிறது, காப்பியைப் பற்றி ஒருவரும் பேசக் காணோம். இரண்டு டெக்கை ஒயர் போட்டு இணைத்து, ஒன்றில் பிளே, இன்னொன்றில் ரெக்கார்டு, பட்டன் இரண்டையும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். மூன்றாவது காப்பியில் முகங்கள் கலங்கும், நான்காவதில் மழை பெய்யும். ஹெட்டை ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாலும் சரியாகாது. சாபம் மட்டும் எத்தனை காப்பி எடுத்தாலும் தேய்வதில்லை, அதுதான் பயம்.

மூலம் கோஜி சுசுகியின் 1991 நாவல். அதில் சாபத்திலிருந்து தப்பும் வழி டேப்பின் கடைசியில் இருந்திருக்கும், யாரோ அதன்மேல் கொசுவத்தி விளம்பரத்தைப் பதிவு செய்து அழித்துவிடுவார்கள். ஒருமுறை என் கடையில் வாடிக்கையாளரின் கல்யாணக் கேசட் மேலேயே ஒரு பையன் கிரிக்கெட் மேட்சைப் பதிவு செய்துவிட்டான். தாலி கட்டுகிற நேரத்தில் பவுலர் ஓடி வருவார். அதனால் எனக்கு இந்த இடம் நன்றாகப் புரியும்.

சும்மாபார்ப்பவன்:
அண்ணே, அந்தக் கல்யாணக் கதை ரிங்குவை விட பயங்கரம்.

செல்லாக்காசு:
நாவலில் நாயகனே ஆண். படத்துக்காகத்தான் ரெய்கோவாக்கினார்கள். அப்போது நகாட்டாவும் மூலத்தை மாற்றியவர்தானே? அவர் மாற்றினால் கலை, வெர்பின்ஸ்கி மாற்றினால் பஜ்ஜியா?

பழையடேப்:
மாற்றுவதில் தப்பில்லை, விளக்குவதுதான் தப்பு. எத்தனை தடவை சொல்வது? கிணற்றுப் பேய் அவர்கள் ஊரில் பழைய விஷயம். ஹிமேஜி கோட்டையில் ஒகிகு என்ற பேயின் கிணறு என்று இன்றும் காட்டுகிறார்கள். அவள் ராத்திரியில் தட்டுகளை எண்ணுவாள், ஒன்பதோடு நிற்கும், பத்தாவது கிடைக்காது. ஒன்பதுக்குமேல் ஏன் இல்லை என்று வெர்பின்ஸ்கியிடம் கொடுத்தால் பத்தாவது தட்டை யார் கழுவும்போது உடைத்தார்கள் என்று ஒரு காட்சி வைத்திருப்பார்.

ராத்திரிராணி:
ஆனால் அது வேலைக்காரி தட்டைத் தொலைத்துவிட்டாள் என்று பழி விழுந்த கதைதானே. தட்டு ஏன் குறைகிறது என்று அந்தக் கதையே சொல்லிவிடுகிறது.

பழையடேப்:
ராணி, நீங்கள் எந்தப் பக்கம்?

சும்மாபார்ப்பவன்:
சரி, தி க்ரட்ஜ்? ஜூ-ஆன் என்ற ஜப்பானியப் பேய்ப்படத்தை எடுத்த தகாஷி ஷிமிசுவே 2004இல் அதன் அமெரிக்கப் படத்தையும் எடுத்தார். எடுத்தது ஜப்பானில், பேய் கயாகோவாக நடித்தவரும் அதே தகாகோ ஃபூஜி. இது அசலா, நகலா? அமெரிக்க ரிங்கின் இரண்டாம் பாகம் தி ரிங் டூவை 2005இல் நகாட்டாவேதான் எடுத்தார். அது யார் கணக்கில்?

பழையடேப்:
தி ரிங் டூ பற்றிப் பேசாதீர்கள். வீட்டில் துக்கம்.

செல்லாக்காசு:
நகாட்டா எடுத்தால் ரிங் 2இல் இருப்பதெல்லாம் ரிங்குவுக்கும் செல்லும் என்றீர்கள். அதே நகாட்டா எடுத்த தி ரிங் டூ மட்டும் செல்லாதா? நல்ல சட்டம். சரி, 30 வருடம் எந்தக் காட்சி?

பழையடேப்:
உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?

செல்லாக்காசு:
இருக்கிறது, பழைய இழைகளைத் தோண்டுவது. "சிவி மாதிரி ஒரு கதையைத் தமிழன்தான் யோசிக்க முடியும்" என்று இங்கே எழுதிய மகான் யார்? 2004இல் வந்த தாய்லாந்துப் படம் ஷட்டர்தான் 2007இல் தமிழில் சிவியாக வந்தது. கழுத்து வலி, எடை பார்க்கும் எந்திரம், தோளில் உட்கார்ந்திருக்கும் பெண், எல்லாம் அங்கேயே இருக்கிறது. அன்றைக்கு அசலுக்கும் நகலுக்கும் வித்தியாசம் தெரியவில்லை, இன்றைக்கு நீதிபதி!

பழையடேப்:
வந்துவிட்டதா அந்தப் பழைய பகை? அப்போது ஷட்டர் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்த அன்றே திருத்தம் போட்டேன், அதையும் தோண்டி எடுங்களேன். ஆசியப் படங்களின் டிஸ்குகளை இந்த ஊரில் முதலில் தேடி அலைந்தவன் நான். நீங்கள் அப்போது சாப்பாட்டுக்குப் பயம் காட்டுகிற வயதில் இருந்திருப்பீர்கள்.

கேசட்கடை:
வயதை இழுக்க வேண்டாம் சார். தி ஐ என்ற படமும் தமிழில் ஸ்னேகா நடித்த "அது" என்ற படமாக வந்தது. நாம் மட்டும் யோக்கியமா? அமெரிக்காவைத் தனியாகத் திட்டி என்ன பயன்.

பழையடேப்:
நான் அமெரிக்காவைத் திட்டவில்லை. ஏழு நாளைத் திட்டுகிறேன். ஜப்பானியப் படத்திலும் ஒரு வாரம்தான், ஆனால் அது பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாயில் வரும் வதந்தியாக வருகிறது. யார் சொன்னது, ஏன் ஒரு வாரம், ஒருவருக்கும் தெரியாது. நம் பாட்டிமார் உச்சி வெயிலில் புளியமரத்தடிக்குப் போகாதே என்பார்கள். ஏன் பாட்டி என்றால் தலையில் ஒரு குட்டு. அந்தக் குட்டுதான் பயம். வெர்பின்ஸ்கி பாட்டியை உட்கார வைத்துக் காரணம் கேட்டு எழுதி வாங்கிவிட்டார். இதுதான் என் கடைசிப் பதிவு.

செல்லாக்காசு:
பாட்டி அருமை. காட்சி?

பழையடேப்:
நேற்று ராத்திரி ரிங்குவை மறுபடி போட்டுப் பார்த்தேன். கிணற்றுக் காட்சி வந்ததும் டிஸ்க் திக்கித் திக்கி நின்றுவிட்டது. மற்ற இடமெல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. ஆகையால் அந்த வசனம் இல்லை என்று நீங்களும் நிரூபிக்க முடியாது.

செல்லாக்காசு:
என்னிடம் நல்ல டிஸ்க் இருக்கிறது. அனுப்பட்டுமா?

பழையடேப்:
உங்கள் டிஸ்க் எனக்கு வேண்டாம். போன தடவை அனுப்பியதில் சப்டைட்டிலே இல்லை.

ராத்திரிராணி:
எனக்கு அனுப்புங்கள். பார்த்துவிட்டு ஒரு காப்பி எடுத்து பழையடேப் சாருக்குக் காட்டிவிடுகிறேன்.