உதவி: நாள் முழுக்கத் திறந்து கிடக்கிற பக்கம் பின்னேரம் செத்துப்போகுது

குளக்கட்டு (கிளிநொச்சி):
எல்லாருக்கும் வணக்கம். இங்க ஒரு நெல்லுக் களஞ்சியத்துக்கு புரவுசரில ஓடுற அப் ஒண்டு செய்து குடுத்தனான். லொறி தராசில ஏறினா நிறை பதியும், ஈரப்பதன் போடுவினம், எந்த வயல் நெல்லெண்டு மப்பில பாப்பினம். காலபோக வெட்டுத் தொடங்கினதில இருந்து காலமை 7 மணிக்குத் திறக்கிற பக்கத்தை இருட்டும்வரை மூடுறதில்லை. திறக்கேக்க பக்கம் பிடிக்கிற மெமரி 160 எம்பி. மத்தியானம் 900. பின்னேரம், லொறி வரிசை ரோட்டு மட்டும் நிக்கிற நேரமாப் பாத்து பக்கம் விழுந்திடும். லப்டொப் 4 ஜிபி றாம்.

செட்இன்டர்வல் (திரும்பத் திரும்ப ஓடுற டைமர்) போட்ட இடமெல்லாம் அதை நிப்பாட்டுற கிளியர்இன்டர்வல் போட்டிருக்கிறன். மப் திரையை விட்டு வெளிக்கிடேக்க லிசனரையும் (ஏதும் நடந்தா ஓடச்சொல்லி வச்ச ஃபங்ஷன்) கழட்டுறன். மெமரி எங்க ஒழுகுதெண்டு, அதாவது வேலை முடிஞ்சும் எது விடுபடாமக் கிடக்குதெண்டு, பிடிபடேல்லை.

ஏ9பயணி:
குரோம் எண்டாலே றாம் தின்னும். 8 ஜிபி போடச் சொல்லுங்கோ. இல்லாட்டி மணித்தியாலத்துக்கு ஒருக்கா பக்கம் தானா றீலோட் ஆகிற மாதிரி வையுங்கோ.

குளக்கட்டு:
அதையும் செய்து பாத்தாச்சு அண்ணை. நிறை அடிச்சுக்கொண்டு நிக்கேக்க றீலோட் ஆகி, லொறிக்காரன் திரும்பப் போய் தராசில ஏற வேண்டி வந்தது. அவர் பேசின பேச்சை இங்க எழுதேலாது.

பாலைப்பழம் (வவுனியா):
தம்பி, முதல்ல ஒழுக்குத்தானோ எண்டு பாருங்கோ. இலக்கம் ஏறுறது மட்டும் சாட்சி இல்லை, குப்பை அள்ளுறவன் (தேவையில்லாத மெமரியைத் தானா விடுவிக்கிற கார்பேஜ் கலெக்டர்) தனக்கு வசதியான நேரம்தான் அள்ளுவான். குரோமுக்குள்ளயே இருக்கிற டெவ்டூல்ஸில மெமரி பக்கத்துக்குப் போங்கோ. குப்பை அள்ளுற பொத்தானை அமத்திப்போட்டு ஹீப் ஸ்னாப்ஷொட் (அந்த நேரம் மெமரியில கிடக்கிற சாமான் எல்லாத்தின்ரயும் பட்டியல்) ஒண்டு எடுங்கோ. பிறகு மப் திரைக்குள்ள போய் வெளிய வாறதை 7 தரம் செய்யுங்கோ. 10 வேண்டாம், 7. திரும்பவும் குப்பையை அள்ளி இரண்டாவது ஸ்னாப்ஷொட். இரண்டையும் ஒப்பிடுற கம்பேரிசனில பாத்தா 7, 14, 21 எண்டு கூடின சாமான்தான் உங்கட கள்ளன். 10 எண்டா தற்செயலா எத்தினையோ சாமான் 10 ஆய் நிக்கும்.

இன்னொண்டு, சோதிக்கிறதுக்கு அச்சடிக்கிற கொன்சோல் லொக் வரியளை எடுத்துப்போட்டுச் செய்யுங்கோ. கொன்சோலில அச்சடிச்ச ஒப்ஜெக்டை டெவ்டூல்ஸே பிடிச்சு வச்சிருக்கும். நான் ஒருக்கா அதைத் துரத்தி இரண்டு நாள் போனது.

குளக்கட்டு:
அக்கா, சொன்ன மாதிரியே 7! டிட்டாச்ட் (பக்கத்தில இருந்து கழண்டது) எண்டு தேட மப் இருந்த டிவ், அதாவது பெட்டி, ஏழும் அப்பிடியே கிடக்கு. திரையில இல்லை, மெமரியில இருக்கு. ஆர் பிடிச்சு வச்சிருக்கினம் எண்டு காட்டுற ரிட்டெய்னர்ஸில பாத்தா கடைசியில விண்டோவில இருக்கிற ரிசைஸ் லிசனர் (சாளரத்தின்ர அளவு மாறினா ஓடுறது). ஆனா அதைத்தானே நான் கழட்டுறன்?

முதிரை:
லிசனரைப் போடேக்க பைண்ட் (ஃபங்ஷனை ஒரு ஒப்ஜெக்டோட கட்டிறது) வச்சுப் போட்டனீங்களோ?

குளக்கட்டு:
ஓம். போடேக்கயும் பைண்ட், கழட்டேக்கயும் பைண்ட்.

முதிரை:
அதுதான். பைண்டைக் கூப்பிடுற ஒவ்வொரு தரமும் புது ஃபங்ஷன் ஒண்டு பிறக்கும். நீங்கள் கழட்டச் சொல்லிக் குடுக்கிறது போட்டதில்லை, அதின்ர இரட்டைப்பிள்ளை. ரிமூவ்ஈவண்ட்லிசனர் ஆளைத் தேடும், காணேல்லை எண்டா சத்தமில்லாமப் போயிடும். எரர் ஒண்டும் வராது. இனி விண்டோ பக்கம் மூடுமட்டும் சாகாது. அது லிசனரைப் பிடிச்சிருக்க, லிசனர் திரையை, திரை மப்பை, மப் வயல் எல்லைகள் முழுக்க. குப்பை அள்ளுறவன் வேரில இருந்து எட்டக்கூடிய எதையும் தொடமாட்டான்.

ஒருக்கா பைண்ட் பண்ணி ஒரு இடத்தில வச்சு, இரண்டுக்கும் அதையே குடுங்கோ. லிசனர் கனக்க இருந்தா அபோர்ட்கொன்ட்ரோலர் நல்லம். எல்லாத்துக்கும் ஒரே சிக்னலைக் குடுத்தா, வெளிக்கிடேக்க ஒரு அபோர்டோட முழுக்கக் கழரும். மப் லீஃப்லெட் லைப்ரரியில செய்ததோ? அப்ப டிவ்வை வெறுமையாக்கினாக் காணாது, மப்பின்ர ரிமூவையும் கூப்பிடோணும். அதுவும் தன்ர பங்குக்கு விண்டோவில லிசனர் வைக்கிறது.

குளக்கட்டு:
இப்ப 7 தரம் போய் வந்தாலும் டிட்டாச்ட் ஒண்டும் இல்லை! ஆனா இன்னும் மெல்ல மெல்ல ஏறுது. லொறி நம்பரைச் சாவியா வச்சு ஒரு மெப்பில (வயல் மப் இல்லை, ஜாவாஸ்கிரிப்டில சாவிக்குச் சாமான் சேக்கிறது) விபரமும் படமும் போடுறனான், அதுவோ?

ஏ9பயணி:
வீக்மெப்பா மாத்துங்கோ, சாவியை வேற ஒருத்தரும் பிடிக்காட்டி தானா அழியும்.

பாலைப்பழம்:
அது சரிவராது தம்பி. வீக்மெப்புக்கு வெறும் எழுத்தைச் சாவியா வைக்கேலாது, லொறி நம்பர் வெறும் எழுத்துத்தான், போட்ட உடனயே எரர் அடிக்கும். இது நீங்களே சேத்து வச்சிருக்கிறது, நீங்கள்தான் எறியோணும். வெளிய போன லொறியை டிலீட் பண்ணுங்கோ. படத்துக்கு பிளொப் யூஆர்எல் (மெமரியில இருக்கிற படத்துக்கு ஒரு தற்காலிக முகவரி) செய்யிறீங்களெண்டா அதை ரிவோக் பண்ணி விடுவிக்கவும் மறக்காதேங்கோ.

குளக்கட்டு:
ரிவோக் எண்டொண்டு இருக்கிறதே இண்டைக்குத்தான் தெரியும்.

குளக்கட்டு (மூண்டு நாளுக்குப் பிறகு):
நேற்று காலமை 7 மணிக்குத் திறந்தது, பின்னேரம் 6 மணிக்கு 190 எம்பி. ஒருக்காலும் விழேல்லை. தராசடியில நிக்கிற பெடியன் மட்டும் இன்னும் பக்கம் விழுந்திடும் எண்டு பயந்து பயந்துதான் நிறை அடிக்கிறான். இனி விழாதெண்டு சொன்னாலும் நம்புறானில்லை.